வெயிலை அறிந்த வீடு

மே மாதத்து இரவு. தில்லியில் கதிரவன் மறைந்து மூன்று மணி நேரம் கடந்துவிட்டது. தெருவில் காற்றின் சூடு சற்றே தணிந்திருக்கிறது. ஆயினும், மொட்டை மாடிக்கு நேர் கீழே அமைந்த நான்காம் மாடி வீட்டில் அனல் குறையவில்லை. மின்விசிறி சுழல்கிறது, அது தரும் காற்றும் சூடாகவே வருகிறது. அதே கட்டடத்தின் முதல் மாடியில் வாழ்வோர்க்கு இவ்வளவு துன்பம் இல்லை. ஒரே நகரம், ஒரே வெயில், ஒரே கட்டடம். அவ்வாறாயின் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

விடை கூரையில் உள்ளது. பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம், அவ்வெப்பத்தை உடனே உள்ளே விடுவதில்லை. சில மணி நேரம் தன்னுள் தேக்கி வைத்து, மாலையிலும் இரவிலும் மெல்ல மெல்ல அறைக்குள் உமிழ்கிறது. மேல் தளத்தில் உறங்குவோர் இரவில் உணர்வது பகல் வெயிலின் மிச்சமே ஆகும்.

இத்துன்பத்துக்குப் பலரும் காணும் தீர்வு குளிர்சாதனக் கருவி. ஆனால், அக்கருவி வெப்பத்தை அழிப்பதில்லை; அறையிலிருந்து எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. அதற்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பங்கு நம் நாட்டில் நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. கருவி வாங்க இயலாத ஏழையோ, தன் வீட்டு வெப்பத்தோடு பிறர் வெளியேற்றிய வெப்பத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். மேலும், கருவியைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடலாம். சுவரையும் கூரையையும் எளிதில் மாற்ற இயலாது. கட்டும் நாளில் செய்த பிழைக்கு, அவ்வீட்டில் வாழ்வோர் ஒவ்வொரு கோடையிலும் விலை கொடுக்கின்றனர். எனவேதான் கட்டடம் எழும்புவதற்கு முன்பே பின்பற்ற வேண்டிய விதிகள் தேவைப்படுகின்றன.

முன்னோர் அறிந்த நுட்பம்

சாளரத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் ஒன்று ‘காலதர்’. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். சாளரத்தின் பயன் யாது என்பதை அச்சொல்லே விளக்கிவிடுகிறது. தமிழகத்து வீடுகளின் முற்றம், சூடான காற்று மேலெழுந்து வெளியேற இடம் தந்தது. திண்ணையும் தாழ்வாரமும் வெயில் சுவரைத் தொடாமல் காத்தன.

இந்நுட்பம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இராசத்தானத்தின் சய்சால்மர் நகரில் வீடுகள் நெருங்கி நின்று, குறுகிய தெருக்களுக்கு நிழல் தருகின்றன. அவற்றின் தடித்த கற்சுவர்கள் பகல் வெப்பம் உள்ளே புகுவதைத் தாமதப்படுத்துகின்றன. வட இந்திய மாளிகைகளில் காணப்படும் ‘ஜாலி’ எனும் கல் பலகணி, வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகிறது. இலடாக்கிலோ தேவை வேறு. அங்கே குளிரை வெல்ல வேண்டும். லே நகருக்கு அருகில் உள்ள செக்மோல் பள்ளி வளாகத்தில், தெற்கு நோக்கிய கண்ணாடி வழியே வெயில் வரவேற்கப்படுகிறது. மண்சுவர்கள் அவ்வெப்பத்தைச் சேமித்து இரவில் தருகின்றன. வெயிலைத் தடுப்பதும் அறிவே; வெயிலை அழைப்பதும் அறிவே. எங்கே எது வேண்டும் என்பதை அறிவதே கட்டடக்கலை.

சட்டம் உருவான வகை

நகரங்கள் பெருகியபோது எல்லா ஊர்களிலும் ஒரே வகைக் கட்டடங்கள் எழுந்தன. குளிர் நாடுகளுக்கு ஏற்ற கண்ணாடிச் சுவர்கள், நாற்பது பாகைக்கு மேல் வெயில் காயும் ஊர்களிலும் நிறுவப்பட்டன. மின்செலவு பெருகியது. இந்நிலையில், 2001ஆம் ஆண்டு நாடாளுமன்றம் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்படி, 2002 மார்ச்சு முதல் நாள் எரிசக்தித் திறன் பணியகம் அமைக்கப்பட்டது. குளிர்பதனப் பெட்டியிலும் குளிர்சாதனக் கருவியிலும் ஒட்டப்பட்டிருக்கும் நட்சத்திரக் குறியீட்டை வழங்குவது இப்பணியகமே.

கருவிகளுக்கு அளவுகோல் இருப்பது போலக் கட்டடங்களுக்கும் அளவுகோல் வேண்டும் அன்றோ? 2007ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு வெளியிடப்பட்டது. அலுவலகம், மருத்துவமனை, விடுதி, வணிக வளாகம் போன்ற பெரிய கட்டடங்களுக்கு அது வழிகாட்டியது. 2017ஆம் ஆண்டு அது திருத்தி அமைக்கப்பட்டது. குடியிருப்புகளுக்கென ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் தனித்தொகுப்பு 2018இல் வந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், பெரிய குடியிருப்புக் கட்டடங்களையும் சட்டத்தின் எல்லைக்குள் கொண்டுவந்தது. எரிசக்திச் சேமிப்போடு, புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பயன்படுத்துதல் போன்ற நிலைத்த வளர்ச்சிக்கான நெறிகளையும் விதித்தொகுப்பு உள்ளடக்க வேண்டும் என்று அத்திருத்தம் கூறியது.

ஐந்து மண்டலங்கள்

இந்தியா முழுமைக்கும் ஒரே விதி பொருந்தாது. ஆகவே, விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பகுக்கிறது. அகமதாபாத்தும் சோத்பூரும் வெப்ப வறட்சி மண்டலத்தில் உள்ளன. சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகியன வெப்ப ஈரப்பத மண்டலத்தைச் சார்ந்தவை. தில்லியில் கடுங்கோடை, மழை, குளிர் மூன்றும் மாறி மாறி வருவதால் அது கலப்பு மண்டலம் ஆகும். பெங்களூரு மிதவெப்ப மண்டலத்திலும், லேவும் சிம்லாவும் குளிர் மண்டலத்திலும் அடங்கும். கட்டடக்கலை பயிலும் மாணவர், வரைபடம் தீட்டுமுன் தம் கட்டடம் எம்மண்டலத்தில் நிற்கப்போகிறது என்பதை முதலில் கண்டறிகின்றனர்.

விதிகளின் உட்பொருள்

விதிகளுள் முதன்மையானது கட்டடத்தின் மேலுறை பற்றியது. சுவர், கூரை, சாளரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே மேலுறை. ஒரு சதுர மீட்டர் கூரையின் இருபுறமும் ஒரு பாகை வெப்ப வேறுபாடு இருக்கும்போது, அதன் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்று கணக்கிடுவர். குடியிருப்புகளில் இது 1.2 வாட்டுக்கு மிகக்கூடாது என்று 2018ஆம் ஆண்டுத் தொகுப்பு வரையறுத்தது. காப்பு ஏதுமில்லாத கான்கிரீட் தளத்தின் வழியே ஏறத்தாழ இதன் மும்மடங்கு வெப்பம் கடந்துவிடும். நான்காம் மாடி வீட்டின் அனலுக்குக் காரணம் இப்போது விளங்கும். தளத்தின்மீது வெப்பக்காப்புப் பலகை பதித்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்ணிற ஓடுகளை ஒட்டினால் அந்த அளவு பெரிதும் குறையும்.

அடுத்தது சாளரம். சுவரைவிடக் கண்ணாடி வழியே மிகுதியான வெப்பம் புகும். ஆகவே, 2017ஆம் ஆண்டுத் தொகுப்பின் நேரடி முறையைப் பின்பற்றும் கட்டடத்தில், சாளரப் பரப்பு வெளிச்சுவர்ப் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது. சாளரம் நோக்கும் திசையும் இன்றியமையாதது. கோடை நண்பகலில் கதிரவன் தலைக்கு மேலே நிற்பதால், தெற்குச் சாளரத்துக்குச் சிறிய மழைத்தடுப்பே போதிய நிழல் தரும். காலையிலும் மாலையிலும் கதிரவன் தாழ்ந்து நிற்பதால், கிழக்கிலும் மேற்கிலும் அத்தகைய மழைத்தடுப்பு பயன்தராது. அகன்ற மேற்குச் சாளரம் கொண்ட அறை மாலையில் கொதிப்பதன் காரணம் இதுவே.

விளக்கு, குளிர்சாதனம், நீர்சூடேற்றி ஆகியவற்றின் திறனுக்கும் விதிகள் உண்டு. நிறைவேற்றும் அளவுக்கேற்ப, 2017ஆம் ஆண்டுத் தொகுப்பு கட்டடங்களை மூன்று படிகளாகப் பிரித்தது. வழக்கமான கட்டடத்தைவிட முதற்படி ஏறத்தாழ 25 விழுக்காடும், இரண்டாம் படி 35 விழுக்காடும், உயர்படி 50 விழுக்காடும் ஆற்றலைச் சேமிக்கும் என்பது அதன் நோக்கம்.

நீரும் இவ்வகையில் சேமிக்கத்தக்க செல்வமே. தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. கூரையில் விழும் நீர் சாக்கடைக்குச் செல்லாமல் நிலத்துக்குள் செல்ல அது வழி செய்தது.

வழிகாட்டும் கட்டடங்கள்

ஐதராபாத்தில், இந்தியத் தொழில் கூட்டமைப்பின் சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் அமைந்துள்ளது. இராமேசுவரத்தில் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த ஆ.ப.செ. அப்துல் கலாம், 2004 சூலை 14 அன்று அதனைத் திறந்து வைத்தார். முற்றங்கள், கூரைத் தோட்டம், காற்றைக் குளிர்வித்து அனுப்பும் காற்றுக் கோபுரங்கள், கழிவுநீரை வேர்களால் தூய்மையாக்கும் அமைப்பு ஆகியன அங்கே உள்ளன.

தில்லியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் இயங்கும் இந்திரா பர்யாவரண் பவன் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இரு பகுதிகளுக்கு நடுவே பெரிய முற்றம் விடப்பட்டுள்ளது. கூரையின்மேல் 930 கிலோவாட் திறன்கொண்ட சூரியத் தகடுகள் பரப்பப்பட்டுள்ளன. ஓராண்டில் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் வகையில் அது திட்டமிடப்பட்டது. பழைய முற்றமும் புதிய சூரியத் தகடும் ஒரே கட்டடத்தில் கைகோத்து நிற்கின்றன.

விதி எட்டாத கூரைகள்

ஆயினும் ஒரு குறை உண்டு. மின் இணைப்புத் திறன் 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் உள்ள கட்டடங்களையே சட்டம் முதன்மையாகக் கருதுகிறது. 100 வாட் விளக்குகள் ஆயிரத்தை ஒரே நேரத்தில் எரிக்கும் அளவு அது. தகரக் கூரையின் கீழ் வாழும் கூலித்தொழிலாளியின் வீடு இக்கணக்கில் வராது. மேலும், மத்திய அரசு வகுக்கும் தொகுப்பை மாநில அரசு தன் நிலத்துக்கேற்ப அறிவிக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்பு கட்டட அனுமதி வழங்கும்போது அதனைச் செயற்படுத்த வேண்டும். இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் விதி ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

இக்குறையை நீக்கச் சில முயற்சிகள் தொடங்கியுள்ளன. 2010ஆம் ஆண்டின் கொடிய வெப்ப அலைக்குப் பின், அகமதாபாத் நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் அங்கு எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெண்பூச்சு பூசும் பணியும் மேற்கொள்ளப்பட்டது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. வெண்பூச்சுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. மின்தடை நேர்ந்தாலும் அது தன் பணியை நிறுத்துவதில்லை.

பெரும் அலுவலகங்களில் சேமிக்கப்படும் மின்சாரம் நாட்டுக்கு ஆதாயம். எளியோர் கூரையில் குறையும் சில பாகை வெப்பமோ, ஒரு குழந்தையின் உறக்கம். ஒரு முதியவரின் உயிர். கட்டட விதியின் பயனை அளக்கும் உண்மையான இடம், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அந்த அறையே ஆகும்.

சொற்பொருள்

அனல் – கடும் வெப்பம்
உமிழ்தல் – வெளிவிடுதல்
காலதர் – சாளரம், சன்னல்
பலகணி – துளைகள் உள்ள சாளரம்
பாகை – வெப்பத்தை அளக்கும் அலகு, டிகிரி
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு எனும் கணக்கு

வினாக்கள்

1. மேல் தள வீட்டில் இரவிலும் வெப்பம் மிகுந்திருப்பது ஏன்?
2. ‘காலதர்’ என்னும் சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுக.
3. தெற்குச் சாளரத்துக்கும் மேற்குச் சாளரத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
4. குளிர்சாதனக் கருவி ஒருவர்க்கு நன்மையும் மற்றொருவர்க்குத் துன்பமும் தருவது எவ்வாறு?

செயற்பாடு

நீங்கள் வாழும் ஊர் எத்தட்பவெப்ப மண்டலத்தைச் சார்ந்தது எனக் கண்டறிக. உங்கள் வீட்டுச் சாளரங்கள் நோக்கும் திசைகளைக் குறித்து, எந்த அறை எப்பொழுது மிகுதியாக வெப்பமடைகிறது என்பதை ஒரு வாரம் கவனித்து எழுதுக. தாத்தா, பாட்டி வாழ்ந்த ஊர் வீட்டில் வெயிலைத் தடுக்க என்னென்ன அமைப்புகள் இருந்தன என்று பெரியோரிடம் கேட்டு, அவற்றின் பெயர்களைத் தமிழில் பட்டியலிடுக.