டைல்ஸுக்குப் பின்னால் ஒரு வலை

எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஐந்து டைல்ஸ் ஒரே நேர்கோட்டில் விரிசல் விட்டன. டைல்ஸ் மட்டம்னு கடைக்காரரைத் திட்டினோம். பெயர்த்துப் பார்த்தால் விரிசல் உள்ளே பூச்சிலேயே இருந்தது, அதுவும் கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில்.

காரணம் இதுதான். கான்கிரீட் காயக் காயச் சுருங்கும். சுட்ட செங்கல் ஈரம் குடித்துச் சிறிது விரியும். இரண்டுக்கும் நடுவே மாட்டிய பூச்சு கிழியும்.

சுண்ணாம்புக் காலத்தில் சாந்தோடு சணல் நாரை நறுக்கிக் கலந்தார்கள். சிமென்ட் பூச்சில் அந்த வேலையைச் செய்வது சிக்கன் மெஷ் என்கிற கோழிவலை. இணைப்பின் இருபக்கமும் சுமார் 15 சென்டிமீட்டர் வருமாறு இழுத்து ஆணியடித்து, அதன்மேல் பூச வேண்டும். தொளதொளன்னு விட்டால் பயனில்லை.

ஆனா குளியலறை ஈரத்தில் வலையின் துத்தநாக முலாம் போய்விட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துப் பூச்சைத் தள்ளும். கண்ணாடியிழை வலைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஈரப் பூச்சில் அழுத்திப் பதித்தால் போதும். வாங்கும்போது மட்டும், காரத்தைத் தாங்குகிற வகையான்னு கேளுங்க. ஈர சிமென்டின் பிஎச் 12க்கு மேல். சாதாரணக் கண்ணாடியிழையை அது அரித்துவிடும்.

சுவரை விட்டு விலகிய பூச்சை எந்த வலையும் காப்பாற்றாது. டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்க. வெற்றொலி கேட்டால் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசணும். இந்த முறை நானே சுவர் முழுக்கத் தட்டினேன். இரண்டு இடம் சிக்கியது.