முன்சில்லு கோணினால்

மதகுக் கட்டிலோ வீதிக் கரைக்கல்லிலோ மோதிய உழவு இயந்திரம் ஒரு பக்கம் இழுக்கும். முன்ரயரின் ஓரம் விரைவில் தேயும். முதலில் இரு ரயர்களினதும் காற்றைச் சமப்படுத்துவோம். பின்னர் றிம், டைறொட், அதன் மூட்டுக்கள் ஆகியவற்றைச் சோதிப்போம். வளைந்த டைறொட்டைச் சூடாக்கி நிமிர்த்தக் கூடாது. அது ஓட்டத்தில் முறிந்தால் பெட்டியிலுள்ள குடும்பமே கவிழும். புதியதை மறுபக்கத்தின் நீளத்துக்கே பொருத்துவோம்.

அடுத்து, சமதரையில் சில்லுகளை நேராக நிறுத்தி, இரு முன்ரயர்களின் முன்புறத்தில், அச்சின் உயரத்தில், நடுவே சோக்கால் குறியிட்டு இடைத்தூரத்தை அளப்போம். அரைச்சுற்று முன்னே தள்ளினால் குறிகள் பின்புறம் வரும், மீண்டும் அளப்போம். முன்னளவு சில மில்லிமீற்றர் குறைவாக இருப்பது வழமை. சரியான அளவு கைந்நூலில் உண்டு. வேறுபாடு அதிகமெனில், பூட்டு நட்டுகளைத் தளர்த்தி, இருபக்கமும் சமமாகத் திருப்பி, இறுக்கி, மறுபடி அளப்போம்.

பெட்டியில் ஆட்களை ஏற்றுமுன், வெறுமையாகச் சற்றுத் தூரம் ஓட்டிப் பார்ப்போம்.