ஒரு மணி நேரத் தண்ணீர்

மண்ணும் கையும் – 9

கிழக்கு ஆப்பிரிக்காவின் மகொண்டே மக்களின் பிறப்புக் கதை மரத்தில் தொடங்குகிறது. குளிக்காமல், சரியாகத் தின்னாமல் தனியே திரிந்த ஒருவன், ஒரு கட்டையைப் பெண்ணுருவாகச் செதுக்கித் தன் இருப்பிடத்தருகே நிறுத்திவைக்கிறான். இரவோடு இரவாக அது உயிருள்ள பெண்ணாகிவிடுகிறது. இருவரும் ருவூமா ஆற்றுக்குக் குளிக்கப் போகிறார்கள். அங்கே முதல் பிள்ளை செத்தே பிறக்கிறது. மேட்டைக் கடந்து ம்பெம்குரு ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகிறார்கள், இரண்டாவதும் அப்படியே. திரும்ப மேட்டு நிலத்துக்கே ஏறி, மஹூட்டாவில் தங்கிய பிறகுதான் மூன்றாவது பிள்ளை பிழைக்கிறது. பள்ளத்தில் குடியிருக்கக் கூடாது, பெரிய நீர்நிலைக்கு ஒரு மணி நேர நடையாவது தள்ளித்தான் குடிசை போட வேண்டும் என்ற வழக்கம் அன்றிலிருந்து வந்ததாம்.

1906இல் இந்தப் பகுதிக்குப் போன கார்ல் வொய்லே என்ற ஜெர்மானிய மானுடவியலாளர் தன் நூலில் தந்திருக்கும் கதை இது. ஜெர்மானிய ஆட்சியை எதிர்த்து எழுந்த மஜி மஜி கிளர்ச்சி முழுசாக அடங்காத நேரம். வேறெங்கோ போவதாக இருந்தவர், அங்கே நிலைமை சரியில்லாததால் தெற்கே திரும்பி, நெவாலாவில் வந்து உட்கார்ந்தார். ஒலிப்பதிவுக் கருவியும் சினிமா கேமராவும் கூடவே கொண்டுவந்திருந்தார்.

போன வாரம் மகொண்டே ஆண்களின் மரச் சிற்பங்களைப் பார்த்தோம். கதையை மேலோட்டமாகக் கேட்டால் இந்தச் சனங்களுக்கு மரம்தான் எல்லாம் என்று தோன்றும். ஆனால் கதையின் பின்பாதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரு மணி நேர நடைக்கு அப்பால். அப்படியானால் அதைச் சுமந்துவர ஒன்று வேண்டும். அந்த மேட்டில் பிள்ளைகள் பிழைத்தது பானையால்தான். அந்தப் பானையைச் செய்தவர்கள் பெண்கள்.

மகொண்டே மேட்டுநிலம் தான்சானியாவின் தென்கிழக்கு மூலையில் ஒன்று, ருவூமாவைத் தாண்டி மொசாம்பிக்கின் முயேடா பக்கம் இன்னொன்று என இரண்டாகக் கிடக்கிறது. சில இடங்களில் 800 மீட்டருக்கும் மேல் உயரம். அங்கே மழைக்குக் குறைவில்லை. ஆனால் மண் மணற்பாங்கானது. பெய்வதெல்லாம் உள்ளே இறங்கி, மேட்டின் விளிம்புக்குக் கீழே ஊற்றாகக் கசிகிறது. மேலே ஆறும் இல்லை, குளமும் இல்லை. அடர்ந்த புதர்க்காடு மட்டும் உண்டு. அடிமை வியாபாரிகளும் ங்கோனி படையினரும் நடமாடிய காலத்தில் அந்தப் புதர்தான் கோட்டை. பாதுகாப்புக்கு விலையாகத் தினமும் சரிவில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. அந்த விலையைக் கொடுத்தது யார் கழுத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி பானைக்கு வருவோம். தோண்டி எடுத்த களிமண்ணைக் காயவைத்து, உரலில் போட்டு இடித்து, கல்லையும் வேரையும் பொறுக்கி, தண்ணீர் விட்டுப் பிசைகிறார்கள். பானை செய்யவே தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரும் ஒரு பழைய பானையில் மேடேறி வந்தாக வேண்டும்.

குயவர் என்றாலே நம் கண்ணுக்கு முன்னால் சக்கரம் சுற்றும். இங்கே சக்கரம் கிடையாது. மகொண்டேப் பெண் மண்ணுருண்டையைக் குத்திக் குழியாக்கி, ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே என்று வைத்து, சுவரை மேலே மேலே இழுக்கிறாள். மண் போதாத இடத்தில் இன்னும் கொஞ்சம் அப்புகிறாள். அடியில் உடைந்த பானையின் ஓடு ஒன்று இருக்கும். தேவைப்படும்போது அதைக் கையால் கொஞ்சம் திருப்பிக்கொள்வாள். கருவிகள் என்று பார்த்தால், மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர், சுரைக்குடுக்கைச் சில்லு, மூங்கில் சீவல், வழவழப்பான கூழாங்கல். எதையும் காசு கொடுத்து வாங்கவில்லை. கதிரை ஈரச் சுவர்மீது உருட்டித் தேய்த்தால் மேடுபள்ளம் சமமாகும். சுரைச் சில்லு உட்புறத்தின் வளைவுக்கு அளவெடுத்தாற்போல் உட்காரும். சக்கரமே இல்லாமல் விளிம்பு அவ்வளவு வட்டமாக வருவது எப்படி என்றால், விரல்தான் அளவுகோல்.

அடிப்பாகம் உருண்டைதான். தட்டையாக இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் தலையில் தண்ணீர் தூக்காதவர்கள். உருண்ட அடி சும்மாட்டில் பொருந்தி உட்காரும். சமையல் பானையானால் அடுப்பின் மூன்று கல்லுக்கு நடுவே சாயாமல் நிற்கும். மூலை இல்லாததால் தீயில் விரிசலும் குறைவு. தண்ணீர்ப் பானைக்குக் கழுத்து குறுகல். சரிவில் ஏறும்போது தளும்பிக் கொட்டினால் மறுபடி கீழே போகப்போவது அவளேதானே.

சூளையும் கிடையாது. நிழலில் நன்றாக உலர்ந்த பானைகளைத் தரையில் அடுக்கி, சுள்ளி, பட்டை, காய்ந்த புல் என்று மூடித் தீ வைப்பதுதான். இப்படித் திறந்த வெளியில் சுடும்போது வெப்பம் பெரும்பாலும் 600 முதல் 900 டிகிரிக்குள்தான் இருக்கும், அதுவும் சடாரென்று ஏறும். வழுவழுப்பான நைஸ் களிமண் இதைத் தாங்காது, வெடித்துவிடும். மணலோ பொடித்த ஓடோ கலந்த சொரசொரப்பான மண்தான் தாங்கும். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற அதில் வழி உண்டு. பீங்கான் செய்பவர்கள் இதை அரைவேக்காடு என்பார்கள். அந்த அரைவேக்காடுதான் தண்ணீரைக் குளிர வைக்கிறது. நுண்துளை வழியே கசிந்து ஆவியாவதற்கு நன்றாக வெந்த பாத்திரத்தில் இடமேது?

எனக்குப் பிடித்தது இதன் அலங்காரம்தான். மண் அரைகுறையாக உலர்ந்த பதத்தில் கூரான முனையால் கீறுகிறார்கள். கோணல்மாணலாக ஓடும் வளைகோடு அல்ல. கழுத்தைச் சுற்றி ஒரே சீரான முக்கோணம், அடுக்கடுக்கான கூர்க்கோடு, சாய்சதுரம். புகையேறிக் கறுத்த பானையில் அந்தக் கீறல்களுக்குள் வெள்ளை மண்ணைத் தேய்த்துவிட்டால் கோலம் எழுந்து நிற்கும். பழைய தலைமுறை மகொண்டேக்காரர்களின் முகத்திலும் இதே கூர்க்கோடுகள் உண்டு. தினெம்போ என்பார்கள். அங்கே தோலைக் கத்தியால் கீறிக் கரியைத் தேய்ப்பது. பானையில் வெள்ளை, முகத்தில் கறுப்பு. கை செய்யும் வேலை ஒன்றேதான்.

தாய்வழிச் சமூகம் இது. தொழில் தாயிடமிருந்து மகளுக்குப் போவதில் வியப்பில்லை. ஆண்களின் மபிகோ முகமூடிகள் பெண்கள் கண்ணில் படாத மறைவிடத்தில் உருவாகும். பானைக்கு அப்படி எந்த ரகசியமும் இல்லை, முற்றத்திலேயே நடக்கும். ரகசியம் இல்லாததை ஆராய்ச்சியாளர்கள் அவ்வளவாகச் சீந்துவதில்லை என்பது என் நெடுநாள் சந்தேகம். விதிவிலக்குகள் உண்டு. மானுடவியலாளர் ஜோர்ஜ் டயஸ், அவர் மனைவி மார்கோ டயஸ் ஆகியோரின் குழு செய்த மகொண்டே ஆய்வு 1964 முதல் நான்கு தொகுதிகளாக வந்தது. இரண்டாம் தொகுதி முழுவதும் வீடு, கருவி, பண்டபாத்திரம் பற்றியதுதான். மார்கோ பியானோ கலைஞராக இருந்து மானுடவியலுக்கு வந்தவர்; 1958–61இல் அந்த மேட்டுநிலத்தில் படமும் பிடித்தார்.

சந்தைக்கு மரம்தான் தோதாக இருந்தது. மொசாம்பிக்கிலிருந்து வேலை தேடி வடக்கே வந்த சிற்பிகளுக்கு, 1950களில் தார் எஸ் சலாமில் இந்திய வம்சாவளி வியாபாரி முகமது பீரா ஆதரவு கொடுத்தார். அந்தச் சிற்பங்கள் உலகம் சுற்றின. கருங்காலி என்று சொல்லி விற்கப்படும் அந்த ம்பிங்கோ மரம் உண்மையில் நம் ஈட்டி மரத்துக்குத்தான் உறவு. கிளாரினெட் செய்ய உதவுகிற அளவுக்கு இறுக்கமானது. பெட்டிக்குள் துணி சுற்றி வைத்தால் பத்திரமாக ஊர் போய்ச் சேரும். பானையை எந்தச் சுற்றுலாப் பயணி விமானத்தில் ஏற்றுவார்?

பிறகு அலுமினியம் வந்தது, பிளாஸ்டிக் வாளி வந்தது. பிளாஸ்டிக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 20 லிட்டர் தண்ணீர் என்றாலே 20 கிலோ. அதற்கு மேல் மண்பானையின் எடையையும் சேர்த்துச் சுமந்து சரிவேறியவளிடம் போய்ப் பாரம்பரியம் பேசக் கூடாது.

சுவாஹிலியில் தண்ணீர்ப் பானைக்கு ம்துங்கி என்று பெயர். இன்று தான்சானியாவில் ம்துங்கி தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அவர் சொல்வது சமையல் கேஸ் சிலிண்டரை.

(தொடரும்)