ஷீட் தண்ணியைத் தாங்காது: மாடி நீச்சல் குளத்துக்கு ஏலக்காய்க் காட்டுப் பாடம்

"மாடியில பிள்ளைங்களுக்கு ஒரு ஃப்ரேம் பூல் வைக்கப் போறோம். கடைக்காரர் மொத்தமான ஷீட்டா பார்த்து வாங்கச் சொல்றார். எத்தனை மைக்ரான் வாங்கலாம்?" சென்னையிலிருந்து ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட் இது. சின்னக் கேள்விதான். ஆனா இதுக்குப் பதில் சொல்ல நான் உங்களைப் போடி பக்கம் கூட்டிட்டுப் போகணும்.

எங்க ஊர் ராசிங்காபுரம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். ஊர்ல இருக்கிறவங்களுக்கு மேல மலையில ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது சாதாரணம். ஏலச் செடிக்கு மண்ணுல ஈரம் காயவே கூடாது. ஜனவரி தாண்டினா மழை இல்ல. அதனால தோட்டத்துல குழி வெட்டி, பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, மழைத் தண்ணியைப் பிடிச்சு வைப்பாங்க. இடுக்கி பக்கம் இதுக்குப் பேரே படுதாக் குளம். லைனர் கிழிஞ்சா அங்க போறது பிள்ளைங்க விளையாட்டு இல்ல, ஒரு வருஷ வெள்ளாமை. அதனால லைனரைப் பத்தி அந்த ஆளுங்களுக்குத் தெரிஞ்ச அளவு எந்த யூடியூப் சேனலுக்கும் தெரியாதுங்கிறது என் கட்சி.

சித்தப்பா முதல்ல சொல்லிக் கொடுத்தது: "ஷீட்டு தண்ணியத் தாங்காதுடா, மண்ணுதான் தாங்கும். ஷீட்டு ஒழுகாமப் பார்த்துக்கும், அவ்வளவுதான்." இதுக்கு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ரெண்டு மீட்டர் ஆழத் தண்ணி, தரையில ஒவ்வொரு சதுர மீட்டர் மேலயும் ரெண்டு டன் எடையை வைக்குது. ஷீட்டுக்குக் கீழ ஒரு கூரான கல்லு இருந்தா, 500 மைக்ரானா இருந்தாலும் 300 மைக்ரானா இருந்தாலும் என்னைக்காவது ஒருநாள் அது மேல வரும். அதனால அங்க காசைவிட நேரம் அதிகம் போறது அடித்தளத்துக்குத்தான். கல் பொறுக்கி, வேர் வெட்டி, சலிச்ச மண்ணோ மணலோ பரப்பி, பழைய ஷீட்டை அடியில போட்டு, அதுக்கு மேலதான் புதுசு. கோரைக் கிழங்கு ஒண்ணு விட்டுப் போனாலும் அதோட முளை ஊசி மாதிரி ஷீட்டைக் குத்திட்டு வந்துடும்.

ஃப்ரேம் பூல்ல ஒரு வித்தியாசம் உண்டு. அதுக்குத் தனி லைனர் கிடையாது. நடுவுல பாலியெஸ்டர் வலை வெச்ச பிவிசி ஷீட்டேதான் சுவர். பக்கவாட்டு இழுவையை அந்த வலை தாங்குது. ஆனா அடி எடையைத் தாங்குறது? உங்க மாடித் தளம். இங்கதான் நேயர் கேட்காத கேள்வி இருக்கு. ஆள் ஏறி நடமாடுற மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 சொல்ற சுமை, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 70 செ.மீ. ஆழத் தண்ணி அதே இடத்துல 700 கிலோ. பன்னிரண்டடி வட்டக் குளம் மொத்தமா ஏழு டன்னுக்கு மேல. கட்டடத்தோட வரைபடத்தைப் பார்த்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்துல சரின்னு கொடுக்காம மாடியில வைக்காதீங்க. மைக்ரான் எல்லாம் அப்புறம். கீழ கார் நிறுத்துற இடத்துல மண் தரையோ, தரையோட ஒட்டின சிமென்ட் தளமோ இருந்தா அங்க வைங்க.

சரி, மைக்ரானுக்கு வரேன். வெளிநாட்டு வீடியோக்கள்ல 20 மில், 30 மில்னு சொல்லுவாங்க. அது மில்லிமீட்டர் இல்ல. ஒரு மில் 25.4 மைக்ரான். அப்போ 20 மில், நம்ம ஊர் 500 மைக்ரான் கணக்குதான். நம்ம கடைகள்ல சிலர் ஜிஎஸ்எம்ல விப்பாங்க, அது எடை. 500 மைக்ரான் பாலித்தீன்னா ஒரு சதுர மீட்டர் சுமார் 470 கிராம் இருக்கணும். பின்னல் ஷீட்டுக்குக் கொஞ்சம் குறையும். 500னு சொல்லி 250 கிராம் நின்னா பேச்சு முடிஞ்சது. தராசு பொய் சொல்லாது. விவசாயக் குட்டைக்கு வாங்குறவங்க எச்டிபிஇ பின்னல் ஷீட்டுல ஐ.எஸ். 15351 முத்திரை இருக்கான்னு பாருங்க.

அளவு எடுக்கிறதுலதான் நிறைய பேர் ஏமாறாங்க. மேல 10க்கு 8 மீட்டர், ஆழம் 2 மீட்டர், நாலு பக்கமும் 45 டிகிரி சரிவுன்னு வைங்க. அடி 6க்கு 4 ஆகிடும். சரிவு நீளம் 2.83. அப்போ 6 + ரெண்டு சரிவு + கரையில புதைக்க ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் = 13.66. அகலத்துக்கு 11.66. மேல் அளவோட ரெண்டைக் கூட்டி 12க்கு 10 வாங்கினவங்க ஷீட்டை இழுத்துக் கட்டுவாங்க. இழுத்து நிக்கிற ஷீட் மடிப்புல கிழியும். தளர்வாத்தான் கிடக்கணும்.

பராமரிப்புல பெரிய எதிரி வெயில். அதுவும் தண்ணிக்கு மேல தெரியுற விளிம்பு. எச்டிபிஇ கருப்பா இருக்கிறதுக்குக் காரணமே அதுல கலந்த கார்பன் கருப்பு, வெயிலைத் தாங்குறதுக்காக. பிவிசி வளையுறதுக்குக் காரணம் அதுல சேர்த்த குழைவுப் பொருள். வெயிலும் குளோரினும் அதை மெல்ல மெல்ல வெளிய எடுத்துடும், ஷீட் விறைச்சுடும். குளோரின் மாத்திரையைத் தரையில போடாதீங்க, விழுந்த இடம் வெளுத்துப் போகும். மிதவையில வைங்க. பி.எச். 7.2லிருந்து 7.6க்குள்ள இருக்கட்டும். சுவருக்குள்ள தனியா மாட்டுற பிவிசி லைனர் வெச்சிருக்கிறவங்க தண்ணியை மொத்தமா வடிச்சு நாள்கணக்குல காயவிடாதீங்க. ஷீட் சுருங்கும். திரும்ப நிரப்பும்போது மூலையில பிளக்கும். மலையில இதுக்கு வேற காரணம்: மழைக்காலத்துல குட்டை காலியா இருந்தா அடியில ஊறுற தண்ணி ஷீட்டைத் தூக்கிடும்.

மட்டம் குறையுதா? உடனே ஒழுகல்னு முடிவு பண்ணாதீங்க. ஒரு வாளியில அதே தண்ணியை நிரப்பி, குளத்துக்குள்ள பாதி முங்குற மாதிரி வைங்க. ஒருநாள் கழிச்சு ரெண்டுலயும் எவ்வளவு குறைஞ்சதுன்னு பாருங்க. ஒரே அளவுன்னா ஆவியானது. குளம் மட்டும் குறைஞ்சா, எந்த மட்டத்துல நிக்குதுன்னு காத்திருங்க. ஓட்டை அந்த உயரத்துல இருக்கும். பிவிசிக்கு மூலையை வட்டமா வெட்டின ஒட்டுத் துண்டும் பசையும் போதும், தண்ணிக்குள்ளேயே ஒட்டுற பசையும் கிடைக்குது. பாலித்தீன்ல அந்தப் பசை பிடிக்காது. அதுக்குச் சூடு வெச்சு ஒட்டணும், இல்லன்னா பியூட்டைல் டேப்.

கடைசியா, குட்டை வெச்சிருக்கிறவங்களுக்கு. ஷீட் போட்ட சரிவுல பாசி பிடிச்சா கால் நிக்காது. நீச்சல் தெரிஞ்சவங்களே உள்ள விழுந்து ஏற முடியாமப் போகும். நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கவிடுங்க, மரத்துல இல்ல கல்தூண்ல கட்டி. சுத்தி வேலி. வீட்டுக் குளத்துல பிள்ளைங்க இறங்கி முடிச்ச அடுத்த நிமிஷம் ஏணியைக் கழட்டி உள்ள வெச்சிடுங்க. காத்து அடைச்ச சின்னக் குளமா இருந்தா, தண்ணியை வடிச்சுட்டு மறு வேலை பாருங்க.