மணல்நிலத்துப் பட்டிப்பூ

நித்தியகல்யாணி என நூல்களிலும் பட்டிப்பூ என ஈழத்து வழக்கிலும் பெயர் பெற்ற செடி, ஒருமுறை வேரூன்றின் பல்லாண்டு நின்று பருவம் பாராது பூக்கும் இயல்பினது. ஆதலின் அதனைப் பேணுதல் எளிதென்பர். அது மெய்யே, ஆயினும் அவ்வெளிமை, வேண்டுவன செய்தலினும் வேண்டாதன விடுத்தலிலேயே பெரிதும் தங்கியுள்ளது. கற்பிட்டிக் குடாநாட்டின் எத்தாளை போன்ற மணலூர்களில் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

இச்செடி அலரிக் குடும்பத்தைச் சார்ந்தது. மடகஸ்கார்த் தீவினைத் தாயகமாக உடையது. பாரிசு நகரினின்று வந்த விதைகளைக் கொண்டு பிலிப்பு மில்லர் என்பார் இலண்டன் செல்சி மருத்துவத் தோட்டத்தில் இதனை வளர்த்தார். 1759ஆம் ஆண்டில் லின்னேயசு இதற்கு வின்கா ரோசியா எனப் பெயரிட்டார். 1837இல் ஜோர்ஜ் டொன் இதனைக் கதராந்தசு இனத்திற் சேர்த்தார்.

எத்தாளைக்கு மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளக் கடனீரேரியும் உள்ளன. இடைப்பட்ட மணற்பரப்பில் விழும் மழைநீர் கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. ஊர்க் கிணறுகள் தருவது அந்நீரையே. உப்புக்காற்றையும் வறட்சியையும் பொறுக்கும் பட்டிப்பூ இந்நிலத்துக்கு மிகவும் ஏற்றது.

இதன் விதை இருளிலேயே நன்கு முளைக்கும். ஆகவே விதைத்தபின் மெல்லிய மணலால் மூடல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகைப் பெருமழை ஓய்ந்தபின் விதைத்தல் நன்று. நாற்றுக்கு வெயில் நன்கு படும் இடம் தேவை. வேரூன்றும்வரை நாடோறும் சிறிது நீர் விடுக; பின்னர் இலை வாடத் தொடங்கும்போது மட்டும் அடியில் ஊற்றுக. நீர் மிகின் வேரும் தண்டும் அழுகும். நுனிகளைக் கிள்ளிவிடின் கிளைகள் பெருகும். முதிர்ந்து கட்டையான செடியை ஆண்டுக்கொருமுறை கவாத்துச் செய்தல் வேண்டும். பூ பச்சை நிறமாகி இலை சிறுத்துக் குவியின், அது தத்துப்பூச்சிகளாற் பரவும் நோயென அறிந்து, செடியை வேரோடு களைந்து எரித்துவிடல் வேண்டும்.

எருவைப் பொறுத்தவரை தனிக் கவனம் தேவை. உரம் மிகின் இலை தழைக்கும்; பூ குறையும். தீங்கு அதனோடு அமையாது. மணல் உரத்தைப் பிடித்து வைப்பதில்லை; எஞ்சியது நைத்திரேற்றாகக் கரைந்து கிணற்றை அடையும். இக்குடாநாட்டில் வெங்காயம், மிளகாய் முதலியன செறிவாகப் பயிரிடப்படும் பகுதிகளில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராமினும் மிக்க நைத்திரேற்றினை ஆய்வாளர் கிணறுகளிற் கண்டுள்ளனர். அத்தகைய நீர் பச்சிளங் குழந்தைகளின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குன்றச் செய்யும். வீட்டுத் தோட்டத்தின் பங்கு வயலினதை நோக்கச் சிறிதே. ஆயினும் அதே முற்றத்துக் கிணற்றினின்றே வீட்டார் நீர் அருந்துகின்றனர். ஆதலின் மக்கிய இலையுரம் ஒரு பிடி இச்செடிக்குப் போதும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. இதன் இலையை நீரிழிவுக்கு மருந்தாக நாட்டார் கொள்வர். அவ்வழக்கினை ஒட்டி யமேக்காவினின்று 1952இல் கனடாவுக்கு அனுப்பப்பட்ட இலைகளை ரொபேட் நோபிள், சாள்ஸ் பியர் என்போர் ஆராய்ந்தனர். குருதிச் சர்க்கரை குறையவில்லை. வெண்குருதிக் கலங்களே குறைந்தன. 1958இல் வெளியான அவ்வாய்வு வின்பிளாஸ்ரீன் என்னும் மருந்தைத் தந்தது. இதே செடியிற் கிடைத்த வின்கிறிஸ்ரீன் சிறுவரின் குருதிப் புற்றுநோய்க்கு இன்றியமையாத மருந்தாயிற்று. மருத்துவர் அளந்து தரும்போது உயிர் காக்கும் அப்பொருள்களே, வீட்டிற் காய்ச்சிய கியாழத்தில் நஞ்சாகலாம். ஆகவே இலையை உண்ணலாகாது. கவாத்துச் செய்த கிளைகளை ஆடுமாடுகளுக்கு இடலும் ஆகாது.

குறைந்த நீரும் குறைந்த எருவும் பெற்று நிறையப் பூப்பது பட்டிப்பூ. மணல்நிலத்தார் அதனை அவ்வாறே வளர்ப்பின், முற்றமும் பொலியும். கிணறும் தூய்மை கெடாது நிற்கும்.