தானே எரியும் விளக்கை நம்பலாமா?

சென்ற மார்கழியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காரில் போனோம். விடிந்தும் மூடுபனி விலகவில்லை. பின்னால் வந்த லாரி கடைசி நொடியில் ஹாரன் அடித்து ஒதுங்கியது. இறங்கிப் பார்த்தால் நம் பின்விளக்கு எரியவில்லை!

தானே எரியும் ஹெட்லைட்டின் குறை இதுதான். முன்கண்ணாடி அருகே உள்ள சென்சார் வெளிச்சத்தை மட்டுமே அளக்கும்; வெண்பனியைப் பகல் என்று எண்ணிவிடும். முன்னால் சிறு பகல்விளக்கு எரிவதால் நாமும் ஏமாந்து போகிறோம். பல கார்களில் அப்போது பின்விளக்கு எரிவதில்லை.

தானே டிம் ஆகும் கார்களில் வேறு தொல்லை. அதிலுள்ள கேமரா எதிர்வண்டியின் விளக்கைக் கண்டே ஒளியைத் தாழ்த்தும். நடந்து வருபவரையும் விளக்கில்லாத சைக்கிள், மாட்டுவண்டியையும் கவனிக்காமல் விடலாம். வளைவிலும் மேட்டிலும் தாமதமாகும். சாலை நடுவிலுள்ள செடிகள் லாரியின் விளக்கை மறைத்தால், உயரத்தில் அமர்ந்திருக்கும் டிரைவரின் கண்ணில் நம் ஒளி நேராக அடிக்கும்.

எனவே மழை, பனி என்றால் சுவிட்சை நாமே திருப்பி ஹெட்லைட்டைப் போடுவோம். எதிரே வண்டி வந்தால் நாமே டிம் செய்வோம். கல்லாவில் ஆள் இருந்தாலும் இரவுக் கணக்கை நாம்தானே பார்க்கிறோம்? விளக்கும் அப்படித்தான்.