வலசைப் பறவைக்கும் ஒரு கணக்கு நோட்டு

ஆவணி பிறந்தால் மரக்காணம் உப்பளங்களில் கொசு உள்ளான் கூட்டங்கூட்டமாக இறங்கும். பார்க்கச் சிட்டுக்குருவி அளவுதான். ஆனால் அது குஞ்சு பொரித்தது வடதுருவத்தை ஒட்டிய தூந்திர வெளியில். அங்கே குளிர் தொடங்கும் முன்பே கிளம்பி, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம்ம கரைக்கு வருகிறது. பெரிய பறவைகள் முதலில் வரும். அந்த வருஷக் குஞ்சுகள் பின்னால் தாங்களாகவே வழி கண்டுபிடித்து வரும்.

உப்பளத்தில் என்ன இருக்கு? உப்பு ஏறிய பாத்தித் தண்ணீரில் மீன் பிழைக்காது; பொடி இறாலும் ஈப்புழுவும் பெருகும். கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழத்தில்தான் பறவை மேயும். கொசு உள்ளானுக்குச் சேறு நனைந்தால் போதும். கருவால் மூக்கனுக்கு முழங்கால் தண்ணீர் வேண்டும். ஐப்பசி மழையில் பாத்திகள் முங்கிவிடும். பக்கத்திலுள்ள கழுவேலி நிறைந்ததும் ஊசிவால் வாத்துகள் வந்து சேரும்.

கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமானது. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில்தான் நடக்கிறது. ஆவணி, புரட்டாசியில் தங்கி, இரை எடுத்துக்கொண்டு தெற்கே போய்விடும் பறவைகள் அந்தக் கணக்கில் வராது. நாளைக்கு ஓர் உப்பளம் காய்ந்தாலோ, கழிவு கலந்தாலோ, எது குறைந்தது என்று காட்ட அங்கேயே இருப்பவர்களின் நோட்டுதான் சாட்சி.

எழுதுவது கஷ்டமில்லை. வாரம் ஒரு நாள், அதே இடம், அதே நேரம், அரை மணி. தேதி, தண்ணீர் ஆழம், காற்று, பறவை, எண்ணிக்கை. பெரிய கூட்டமென்றால் முதலில் பத்தை எண்ணுங்க. அந்த அளவை வைத்து மொத்தத்தைக் கணியுங்க. பெயர் தெரியாவிட்டால் கால் நிறம், அலகு நீளம் எழுதினால் போதும். பறவையே இல்லாத நாளிலும் '0' போடுங்க. அந்தப் பூஜ்யம் இல்லாமல் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. காலில் வளையம் தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் குறியுங்க, பிடிக்க வேண்டாம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையம் மாட்டிவருகிறது.

இன்னொரு கட்டம் நமக்கே நமக்கு: மேல்வயலில் மருந்தடித்த தேதி. கழுவேலிக்கு வடியும் தண்ணீர் ஏரிகளையும் வயல்களையும் கடந்துதான் வருகிறது. வயலில் விஷம் போட்டால் சேற்றுப்புழு சாகும். பறவைக்கு இரை போகும். நாலைந்து வருஷ நோட்டைச் சேர்த்துப் பார்த்தால், விஷமில்லா வெள்ளாமை யாருக்கெல்லாம் சோறு போடுகிறது என்று நம்ம கையெழுத்திலேயே தெரியும்.